பேர் கேட்க மாட்டோம்

பையன்கள் ஹாஸ்டலில் கக்கூஸ் கதவுகளின் உள்பக்கம் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது. நீலப் பெயிண்ட். கோடை லீவில் விஜயசங்கர் என்கிற பையன் ஒவ்வொரு கதவாக நின்று எழுதியது. உள்ளே போய் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வரும். நம்பருக்குக் கீழே இப்படி இருக்கும்: 'கூட இருப்பவன் மூச்சுவிடத் திணறினால், எழுப்பியும் எழும்பாவிட்டால், உடனே கூப்பிடு. பேர் கேட்க மாட்டோம்.'

அந்தக் கதவுகளைக் கழுவுகிறவள் நான். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டப் படித்ததால் கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்காமல் இருக்க முடிவதில்லை. பினாயில் ஊற்றிக்கொண்டே தினமும் அதை வாசிப்பேன். கடைசி வரி வரும்போது ஒரு மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒருத்தன் சாகக் கிடக்கும்போதும் கூட்டாளி முதலில் பயப்படுவது பேருக்குத்தான் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் கல்லூரி தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. போன வருஷம் இரண்டாம் மாடிக் கக்கூஸில் ஒரு பையன் செத்துக் கிடந்தான். காலையில் உள்ளே போனவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை என்று தேடி, கடப்பாரையால் நெம்பிக் கதவைத் திறந்தார்கள். அதுவரைக்கும் அந்தக் கதவைத் தாண்டி எத்தனையோ பேர் போனார்கள், பல் தேய்த்தார்கள், பாட்டுப் பாடினார்கள். மாரடைப்பு என்று ஊருக்குச் சொல்லி அனுப்பினார்கள். தரையைக் கழுவும்போது ஊசி மூடி கிடந்ததை நான் பார்த்தேன். கூட்டி அள்ளிப் போடு, யாரிடமும் வாயைத் திறக்காதே என்றார் வார்டன் தில்லைநாயகம் சார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். சொல்லிவிட்டு அவரே குழாயடியில் வாளியைப் பிடித்துக்கொண்டு வந்து வைத்தார்.

எல்லாம் வலிக்குக் கொடுக்கிற மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாதது, எப்படியோ ஹாஸ்டல் வரைக்கும் வந்துவிடுகிறது. பையன்கள் அதை ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். அளவு மிஞ்சினால் தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தில் உடம்புக்கு மூச்சு விடுவதே மறந்துபோகும். இதை எனக்கு விளக்கிச் சொன்னவள் ஜுஹைனா.

ஜுஹைனா கடையநல்லூர்ப் பிள்ளை, எதிரே இருக்கிற பெண்கள் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். செத்துப்போன பையன் அவள் வகுப்பு. அவளும் விஜயசங்கரும் இன்னும் சில பிள்ளைகளும் சேர்ந்து, இனி ஒருத்தன் இப்படித் தனியாகக் கிடக்கக் கூடாது என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் வந்து சொல்லிக்கொடுத்தார். கல்லூரியும் சரி என்றது, ஆனால் போதை என்கிற சொல் எங்கேயும் வரக் கூடாது என்று கட்டளை. எழுதினால் இங்கே அது இருக்கிறது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். அதனால்தான் கதவில் மூச்சுத் திணறல் என்று எழுதியிருந்தது. பையன்களுக்கு எழுதாததும் புரியும்.

எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பு நடக்கிற நேரத்தில் ஹாஸ்டலில் இருப்பது கூட்டிப் பெருக்குகிற நாங்களும் மெஸ் ஆட்களும்தானே. அரிசிச் சாக்குக்குள் பழைய புட்பால் பிளாடரை வைத்துத் தைத்து ஒரு பொம்மை செய்திருந்தார்கள். தலையை நிமிர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயில் ஊத வேண்டும். நெஞ்சு உப்புகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். மெஸ்ஸில் தோசை சுடுகிற பேராச்சி அந்தச் சாக்கைப் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்தாள்.

"கட்டுன புருசனுக்கே நான் வாய வச்சு ஊதுனதில்லட்டி. அந்தாளு மூச்சு நின்னா நிம்மதியா ஒரு டீயப் போட்டுக் குடிப்பேன்."

"புருசனுக்கு வேண்டாம் பெரியம்மா, தோசை கேட்டு வாரவனுக்கு ஊதுங்க" என்றாள் ஜுஹைனா.

பேராச்சி குனிந்து ஊதின ஊதலில் சாக்குத் தையல் பிரிந்துவிட்டது. அன்றைக்கு எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பையன்கள் அவர்களை 'நூத்தியெட்டு' என்று கேலி செய்வார்கள். ஜுஹைனா நடந்து போனால் ஒருத்தன் ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிடுவான். ஆனால் நம்பர் எல்லாருக்கும் மனப்பாடம். போன் வந்தால் ஓடுவார்கள், 108-ஐக் கூப்பிடுவார்கள், வண்டி வரும்வரை மூச்சு ஓடப் பார்த்துக்கொள்வார்கள். யார் கூப்பிட்டது என்று கல்லூரி கேட்டாலும் சொல்வதில்லை. அப்படிப் பிழைத்து வந்த ஒரு பையன் மெஸ்ஸில் உட்கார்ந்து தோசை தின்றதை நானே பார்த்தேன். அடுக்கி அடுக்கித் தின்றான்.

மகாராஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாசுதேவநல்லூர்ப் பையன். அவன் அப்பா சுந்தரபாண்டியன் போலீசில் ஏட்டு. மாமா ராணுவம், சித்தப்பா போலீஸ். அந்த வீட்டில் பையன் பிறந்தால் தொட்டிலிலேயே உயரம் அளந்து பார்ப்பார்கள் என்று மற்றப் பையன்கள் சொல்வார்கள். மகாராஜாவும் போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சை எழுதிப் பாசாகியிருந்தான். ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் பாக்கி. விடிவதற்குள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பான். வேர்க்க விறுவிறுக்க வந்து, நான் கேட்காமலே குழாயடியிலிருந்து என் வாளியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவான். எதுக்குலே உனக்கு என்றால், இதுவும் பிராக்டிஸ்தான் யக்கா என்பான்.

அவன் அப்பாவுக்குச் சீசன் பந்தோபஸ்து, பேரருவியில் டூட்டி. திரும்பும்போது ரம்புட்டான் பழம் வாங்கிவந்து பையன்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். மகாராஜாவின் ரூம் கூட்டாளி முத்துச்செல்வத்துக்கும் ஒரு பங்கு உண்டு. முத்துச்செல்வம் லீவு விட்டால் தன் ஊருக்குப் போகாமல் அவர்கள் வீட்டில்தான் கிடப்பான்.

இடையில் மகாராஜாவுக்கு முட்டு பிசகிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டினான். பிறகு ஒருநாள் நொண்டாமல் ஓடினான். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு அவன் கண் பிடிக்கவில்லை. வாளியைத் தூக்குகிறவன் படியில் உட்கார்ந்து தூங்கி வழிந்தான். மூக்கைச் சொறிந்துகொண்டே இருந்தான். புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. நான் ஜுஹைனாவிடம் சொன்னேன். அவளும் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தாள். பிசிக்கல் முடியட்டும் டாக்டரம்மா, எல்லாத்தையும் விட்டுருதேன் என்று சிரித்தானாம்.

அது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சாரல் விட்டு விட்டு அடித்தது. எல்லா அருவியிலும் தண்ணீர் கொட்டுகிறது என்று ஹாஸ்டலே காலியாகிக் குளிக்கப் போயிருந்தது. நான் கீழ் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்படியில் யாரோ மூட்டையை இழுத்துக்கொண்டு இறங்குவது போலச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், முத்துச்செல்வமும் இன்னொரு பையனும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து மகாராஜாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் கால் படியில் தட்டித் தட்டி வந்தது. தலை தொங்கிக் கிடந்தது. தொண்டையில் ஒரு குறட்டை, விட்டு விட்டு.

என்னலே ஆச்சு என்றேன். சரக்கு கூடிப்போச்சு, அருவியில் கொஞ்ச நேரம் நிப்பாட்டினால் தெளிந்துவிடுவான் என்றான் முத்துச்செல்வம்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். குடித்து மிஞ்சினவனை அருவிக்குக் கொண்டுபோய், பிடரியைப் பிடித்துத் தண்ணீருக்குள் நிறுத்துவார்கள். புத்தி பிசகினவனையும் நிறுத்துவார்கள். குற்றாலத் தண்ணீர் தலையில் விழுந்தால் எந்தப் பித்தமும் இறங்கும் என்பார்கள். என் வீட்டுக்காரரை நானே அப்படி நிறுத்தியிருக்கிறேன். தெளிந்துதான் வந்தார்.

ஆனால் மகாராஜாவிடம் சாராய வாடையே இல்லை. உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது.

"இது சரக்கு இல்லலே. கதவுல கெடக்க நம்பருக்கு அடி" என்றேன்.

முத்துச்செல்வம் அழ ஆரம்பித்துவிட்டான். "யக்கா, புதங்கிழமை அவனுக்கு பிசிக்கல். நூத்தியெட்டு வந்தா பின்னாலயே போலீசு வரும். கேசுல பேரு ஏறிட்டுன்னா வெரிபிகேசன்ல தூக்கிருவாவ. அவன் அப்பா மொகத்துல எப்படிக்கா முழிப்பான்? அவரு பேரருவியில நிக்காரு. நாங்க ஐந்தருவிக்குக் கொண்டுபோயிட்டு வந்துருதோம். நீங்க ஒண்ணும் பாக்கலன்னு இருங்க."

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். உதறினான், பொத்தான் என் கையோடு வந்துவிட்டது. பைக்கில் மகாராஜாவை நடுவில் வைத்து, பின்னால் இருந்தவன் கட்டிப் பிடித்துக்கொண்டான். பின் கேட் வழியாக வயல் ரோட்டில் போய்விட்டார்கள்.

நான் ஜுஹைனாவுக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவள் ஓடி வருகிற மூச்சு போனில் கேட்டது. விஜயசங்கரும் முதலுதவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். ஹாஸ்டல் வாசலில் ஒரு ஆட்டோ கிடைத்தது. மூன்று பேரும் ஏறினோம்.

ஆட்டோவில் இருந்தே 108-க்குப் பேசினாள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான், நோயாளி எந்த இடத்தில் இருக்கிறார் என்று. ஐந்தருவி ரோடு என்றாள். ரோட்டில் எங்கே என்றார்கள். அவள் போனைக் காதில் வைத்தபடியே வெளியே எட்டி ஒவ்வொரு பைக்காகப் பார்த்தாள். இத்தனை நாளும் கிடக்கிற ஆளைத் தேடித்தான் ஓடியிருக்கிறார்கள். ஓடுகிற ஆளை எங்கே போய்ப் பிடிப்பது?

முத்துச்செல்வத்துக்குப் போன் அடித்தார்கள். அவன் எடுக்கவில்லை. மகாராஜா நம்பருக்கு அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. போன் அவன் கட்டிலில் கிடந்திருக்கிறது. ரோடு முழுக்கக் கேரளா வண்டி, வேன், தலையில் எண்ணெயோடு நடந்து போகிற கூட்டம். மங்குஸ்தான் கடைக்காரன் வண்டியைக் குறுக்கே போட்டிருந்தான். ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒருத்தரும் விலகவில்லை. சீசனில் யாரும் ஹாரனுக்கு விலக மாட்டார்கள்.

அப்போது ஜுஹைனா போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பேர் கேக்க மாட்டியள்லா?"

முத்துச்செல்வத்தின் குரல். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும். அவள் குரலில் ஒரு அசைவு இல்லை.

"கேக்க மாட்டேன். எங்கன இருக்கியன்னு மட்டும் சொல்லு."

ஐந்தருவிக்குப் போகிற வழியில் இடதுகைப் பக்கம் தென்னந்தோப்பு, அதன் ஓரத்தில் வாய்க்கால். சொல்லிவிட்டு, முழிக்கவே மாட்டேங்கான், தண்ணி ஊத்திப் பாத்துட்டோம், முழிக்கவே மாட்டேங்கான் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். தண்ணீரை விட்டு மேலே தூக்கு, ஒருச்சாய்ச்சுப் படுக்க வை, விட்டுட்டுப் போயிராத என்றாள். விஜயசங்கர் 108-க்கு அந்த இடத்தைச் சொன்னான்.

வாய்க்கால் கரையில் மகாராஜா ஒருச்சாய்ந்து கிடந்தான். அவள் சொன்னபடிதான் படுக்க வைத்திருந்தார்கள். தலையிலிருந்து கால்வரை நனைந்து, தொட்டால் வாய்க்கால் கல் மாதிரி குளிர்ந்து கிடந்தான். தொண்டையில் இருந்த குறட்டை இப்போது இல்லை. வலிக்காவது முழிப்பானா என்று ஜுஹைனா விரல் முட்டியால் அவன் நெஞ்செலும்பில் அழுத்தித் தேய்த்தாள். அவன் அசையவில்லை. விஜயசங்கர் முட்டி போட்டு ஊத ஆரம்பித்தான். தலையை நிமிர்த்திப் பிடியுங்கள் என்றாள், நான் பிடித்தேன். என் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தேன். நெஞ்சு உப்பியது, இறங்கியது. உப்பியது, இறங்கியது. பேராச்சி ஊதின அந்தச் சாக்கு மாதிரியே இருந்தது. விஜயசங்கர் களைத்தால் ஜுஹைனா, அவள் களைத்தால் விஜயசங்கர்.

முத்துச்செல்வம் மகாராஜாவின் செருப்பு இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். ஆம்புலன்ஸ் சத்தம் தூரத்தில் கேட்டதும் செருப்பைக் கரையில் ஜோடியாக வைத்துவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டான். கூட வந்தவன் முன்பே போயிருந்தான். நாங்கள் யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

வண்டியில் ஏற்றும்போது இதயம் துடிக்கிறது என்றார்கள். தென்காசி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள், மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். பிறகு திருநெல்வேலி ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்கு ரொம்ப நேரம் காற்று போகவில்லை, பார்ப்போம் என்றார் டாக்டர்.

ஏட்டய்யா தென்காசி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். சீருடை தோள்வரை சாரலில் நனைந்திருந்தது, கழுத்தில் விசில் அப்படியே தொங்கியது. மகனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஜுஹைனா முன்னால் நின்றார். இவனை யார் தூக்கிக்கொண்டு போனது, உனக்கு யார் போன் பண்ணியது என்று கேட்டார். அதைச் சொல்வதில்லை அங்கிள் என்றாள். அவர் அதட்டினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு அதையே மறுபடி சொன்னாள். விரல் மட்டும் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தது.

என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ ஹாஸ்டல்ல வேல பாக்கவதானே. நீ பாத்திருப்ப."

அந்தப் பொத்தான் என் இடுப்பில் முடிந்து கிடந்தது. "தெரியாதுய்யா" என்றேன். பொய்யைக் கேட்டே பழகின மனுஷர், என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முத்துச்செல்வத்தைக் காப்பாற்றுவதற்காக நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பேர் வெளியே வந்துவிட்டால் அடுத்தவன் போன் பண்ண மாட்டான். அது ஒன்றுதான் அப்போது மனசில் ஓடியது. பெற்றவர் முன்னால் நின்று அதை எப்படிச் சொல்வது?

மகாராஜா முழிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை குழாயை எடுத்துவிட்டார்கள்.

அந்த மாதிரிச் சாவுக்குப் போலீஸ் எழுதித்தான் ஆக வேண்டும். எழுத வந்த போலீஸ்காரர் சின்னப் பையன், மகாராஜாவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவனாக இருப்பான். ஏட்டய்யா முகத்தைப் பார்த்ததும் அவனுக்குக் கை ஓடவில்லை. அவரே பக்கத்தில் உட்கார்ந்து, எழுதுப்பா என்று சொல்லச் சொல்ல அவன் எழுதினான். பேர் மகாராஜா. தகப்பன் பேர் சுந்தரபாண்டியன். அங்க அடையாளம், உடுத்தியிருந்த துணி, எந்த வரிக்குப் பிறகு எந்த வரி என்று அவருக்கு அத்துப்படி. உயரம் என்று அவன் தயங்கினபோது இவர் யோசிக்காமல் சொன்னார். நானும் பேராச்சியும் ஆஸ்பத்திரிச் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். எந்தக் காகிதத்தில் அவன் பேர் ஏறிவிடக் கூடாது என்று அந்தப் பையன்கள் ஓடினார்களோ, அந்தக் காகிதத்தில் அவன் அப்பா வாயாலேயே ஏறியது.

முத்துச்செல்வம் காரியத்துக்குப் போகவில்லை. ஊருக்கும் போகவில்லை. ரூமில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். சாப்பிட வரவில்லை என்று பேராச்சி தட்டில் எடுத்துப்போய் வைப்பாள், அப்படியே திரும்பி வரும். அவனைத்தான் முதலில் தேடி வரப்போகிறார்கள் என்று மற்றப் பையன்கள் அந்த ரூம் பக்கமே போகவில்லை.

கல்லூரியில் கூட்டம் போட்டார்கள். மாணவர்கள் வைத்தியம் பார்க்கக் கூடாது, குழுவைக் கலைக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் வார்டனிடம் அனுமதி வாங்கித்தான் கூப்பிட வேண்டும் என்று முடிவு. ஜுஹைனாவின் வீட்டு ஆட்களை வரவழைத்தார்கள். படிப்பு முக்கியமா இது முக்கியமா என்று கேட்டார்களாம். அவள் வாப்பா அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். போகும்போது அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அக்கா, வாய்க்கால்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா பொழைச்சிருப்பான்லா?"

ஆமா என்று சொல்லவும் பயமாக இருந்தது, இல்லை என்று சொல்லவும் பயமாக இருந்தது.

மறுநாள் தில்லைநாயகம் சார் ஒரு பாட்டில் தின்னரும் பழைய துணியும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கதவில் இருக்கிற நம்பரை எல்லாம் அழித்துவிட வேண்டுமாம். யாராவது போட்டோ எடுத்துப் போட்டால் கல்லூரி பேர் கெடும் என்று மேலே சொல்கிறார்களாம். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கீழ்த்தளம் முடித்து முதல் மாடிக்கு வந்திருந்தேன். தின்னர் வாடையில் கண் எரிந்தது. நீலம் கரைந்து விரலெல்லாம் வழிந்தது. அப்போது வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சுந்தரபாண்டியன் ஏட்டய்யா. சீருடையில் இல்லை, வேட்டி கட்டியிருந்தார். மகனின் பெட்டியை எடுத்துப்போக வந்திருந்தார். வேட்டிக்குக் கீழே டூட்டி பூட்ஸ் போட்டிருப்பதை அவர் கவனிக்கவில்லை போல.

கதவுக்கு முன்னால் நின்று பாதி அழிந்த எழுத்தை வாசித்தார். வாய் அசைந்தது.

"இத என்னத்துக்கு அழிக்க?"

"அழிக்கச் சொன்னாவய்யா."

அழியாமல் இருந்த ஒரு எழுத்தை விரலால் தொட்டார். "நான் இங்க டூட்டியில இருந்தாலும் அழிக்கத்தான் சொல்லியிருப்பேன்" என்றார்.

பிறகு என்னிடம்தான் பேசினாரா, கதவிடம் பேசினாரா தெரியவில்லை. அன்றைக்குப் பேரருவியில் தண்ணீர் மிஞ்சிப்போனதால் குளிக்க விடவில்லையாம். கூட்டமெல்லாம் ஐந்தருவிக்குத் திரும்ப, அவரையும் அங்கே மாற்றிப் போட்டிருக்கிறார்கள். தடுப்புக்குப் பக்கத்தில், சீசனுக்கு நிறுத்துகிற ஆம்புலன்ஸ் ஓரமாக நின்றுகொண்டிருந்தாராம்.

"ஒரு பைக்கு வந்துது. மூணு பேரு. நடுவுல இருந்தவன் தலை தொங்கிட்டு. என்னப் பாத்ததும் வண்டியத் திருப்புனானுவ. சாரல்ல மொகம் தெரியல. குடிகாரப் பயலுவன்னு நெனச்சு விசிலடிச்சு வெரட்டுனேம்மா."

அவர் அழவில்லை. சொல்லிவிட்டு ரூமுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

ரூமில் முத்துச்செல்வம் எழுந்து சுவரோடு சுவராக நின்றான். போட்டிருந்தது அதே சட்டை, நடுப்பொத்தான் இல்லை. ஏட்டய்யா அந்த இடத்தைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் தேவலை என்று அந்தப் பையனும் நினைத்திருப்பான், முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினான்.

அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்தார். ஓடுகிற ஷூவை எடுத்து, உள்ளே கிடந்த மைதானத்து மண்ணைத் தட்டாமல் அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடினார். ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தார்.

"ஏலே, அந்தப் பக்கம் பிடி."

முத்துச்செல்வம் பிடித்தான். இரண்டு பேருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்படியில் இறங்கினார்கள். அவன் பக்கம் தாழ்ந்து, பெட்டி படியில் தட்டித் தட்டிப் போனது. ஒவ்வொரு தட்டலுக்கும் அவன் தோள் குலுங்கியது. அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை, மெதுவாக என்று சொல்லவும் இல்லை. அவன் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டார்.

வேனில் பெட்டியை ஏற்றின பிறகும் முத்துச்செல்வம் கைப்பிடியை விடவில்லை. ஏட்டய்யாதான் அவன் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். சாப்பிட்டியாலே என்று கேட்டார். வேன் போய்விட்டது.

சாயங்காலம் வார்டன் சார் கேட்டார், எல்லாக் கதவும் முடிந்ததா என்று.

"ரெண்டாவது மாடி கெடக்கு சார். தின்னர் தீந்துபோச்சு" என்றேன்.

பாட்டில் பாதிக்கு மேல் இருந்தது. துடைப்பம் வைக்கிற மூலையில் அவர் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். வாங்கித் தாரேன், அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

இரண்டாம் மாடியில் நம்பர் இன்னும் இருக்கிறது. ஜுஹைனா அந்த போனை அணைக்கவில்லை என்று விஜயசங்கர் சொன்னான். கடையநல்லூரில் இருந்துகொண்டு அவள் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. முத்துச்செல்வம் ரூம் மாற்றிக்கொண்டு இப்போது அந்த மாடியில்தான் இருக்கிறான். யாராவது கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்தினால், அவன் வெளியே வரும்வரைக்கும் இவன் வராந்தாவில் நின்றுகொண்டிருக்கிறான். பையன்கள் கேலி செய்கிறார்கள். அவன் இடத்தை விட்டு நகர்வதில்லை.